பழைய லேப்டாப்பில் கேம் ஓடுமா? கடைக்குப் போகும் முன் அளந்து பார்!



"கேம் போட்டா படம் நின்னு நின்னு வருது. புது ரேம் போட்டா சரியாயிடுமா?"

இடைவேளையில் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது. இதற்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம்: "ஆகலாம், ஆகாமலும் போகலாம்." வைத்தியர் நாடி பிடிக்காமல் மருந்து கொடுப்பதில்லை. அதுபோல எங்கே தடை என்று கண்டுபிடிக்காமல் சிவகங்கைக்கோ காரைக்குடிக்கோ பஸ் ஏறினால் வீட்டில் கொடுத்த காசு போகும், கேம் மட்டும் அப்படியே நின்னு நின்னு ஓடும். எனவே இந்தக் கட்டுரையில் முதலில் காசு இல்லாத சோதனைகள், அடுத்து காசு இல்லாத வைத்தியங்கள், கடைசியாகத்தான் கடை. வரிசையை மாற்றாமல் படியுங்கள்.

1. நம் கையில் இருப்பது எது?

நம்ம பக்கத்து வீடுகளில் கம்ப்யூட்டர் என்று ஒன்று இருந்தால், அது பெரும்பாலும் அண்ணனோ அக்காவோ பிளஸ் டூ படிக்கும்போது வாங்கிய அரசு லேப்டாப்தான். அந்த இலவச மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளன்று தொடங்கியது. வாங்கிக் கொடுத்தது எல்காட் நிறுவனம். சுமார் 50 லட்சம் லேப்டாப்கள் மாணவர்களுக்குப் போய்ச் சேர்ந்தன. கொரோனா காலத்தோடு அது நின்றுபோனது. 2025 மார்ச் பட்ஜெட்டில் 2 ஆண்டுகளில் 20 லட்சம் பேருக்குக் கருவி தரப்படும் என்று தமிழக அரசு அறிவித்தது. ஆனால் அது கல்லூரி மாணவர்களுக்கு. பள்ளிப் பிள்ளைகளான நமக்கு அண்ணன் வைத்துவிட்டுப் போனதுதான் சொத்து.

ஆரம்ப வருடங்களில் வந்த லேப்டாப்பில் 2 ஜிபி ரேம், 320 ஜிபி ஹார்டு டிஸ்க் இருந்தன. விண்டோஸ் ஒரு பக்கம், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இன்னொரு பக்கம் என இரண்டு இயங்குதளமும் போட்டே கொடுத்தார்கள். தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. அது படிப்புக்காகக் கொடுத்த மிஷின், கேமுக்காகக் கொடுத்தது அல்ல. இதை மனசில் வைத்துக்கொண்டால் பாதி ஏமாற்றம் குறையும்.

இன்னொரு விஷயம். அந்த லேப்டாப்பில் அக்காவின் டிஎன்பிஎஸ்சி குறிப்புகள் இருக்கலாம், கல்யாண போட்டோக்கள் இருக்கலாம். கீழே சொல்லும் எதைச் செய்வதற்கு முன்னும் அவற்றை ஒரு பென் டிரைவிலோ வேறு ஹார்டு டிஸ்க்கிலோ காப்பி எடுத்து வையுங்கள். கேம் போனால் திரும்பப் போட்டுக்கொள்ளலாம், போட்டோ போனால் போனதுதான்.

2. கேம் எப்படி ஓடுகிறது? ஒரு பந்திக் கணக்கு

கல்யாணப் பந்தியை நினைத்துப் பாருங்கள். பின்கட்டில் சாமான் அறை. அங்கிருந்து பொருளை எடுத்து வந்து சமையல் மேசையில் வைக்கிறார்கள். தலைமைச் சமையல்காரர் "இது அங்கே, அது இங்கே" என்று உத்தரவு போடுகிறார். பரிமாறுபவர்கள் ஒவ்வொரு இலைக்கும் பரிமாறுகிறார்கள்.

கம்ப்யூட்டரிலும் இதேதான்:
● சாமான் அறை = ஹார்டு டிஸ்க்
● சமையல் மேசை = ரேம்
● தலைமைச் சமையல்காரர் = பிராசசர் (சிபியு)
● பரிமாறுபவர்கள் = கிராபிக்ஸ் சிப் (ஜிபியு)
● ஒவ்வொரு இலை = திரையில் உள்ள ஒவ்வொரு புள்ளி (பிக்சல்)

சாம்பார் வாளிக்காரர் ஒருத்தர் மெதுவா வந்தா போதும், பந்தி முழுக்க அவருக்காகக் காத்திருக்கும். அந்த நேரத்தில் சமையல் மேசையைப் பெரிசாக்கி என்ன பயன்? சாமான் அறைக்குப் புதுப் பூட்டுப் போட்டு என்ன பயன்? தாமதம் எவரிடமோ அவரைத்தான் சரி செய்யணும். இந்தக் கட்டுரையின் சாரமே இவ்வளவுதான்.

திரையில் கேம் அசைவது போலத் தெரிவது, சினிமா போலவே, ஒன்றன் பின் ஒன்றாக வரும் அசையாத படங்களால்தான். சினிமாவில் நொடிக்கு 24 படம். கேமில் நொடிக்கு எத்தனை படம் என்பதை எஃப்.பி.எஸ் என்பார்கள்.

நொடிக்கு 60 படம் வேண்டுமென்றால் ஒரு படத்துக்கு 1000 ÷ 60 = 16.7 மில்லி நொடிதான் நேரம். 30 படம் போதுமென்றால் 33.3 மில்லி நொடி கிடைக்கும். நம் பழைய மிஷினுக்கு 30 என்ற இலக்கே நியாயமானது. ஒரே சீராக 30 வருவது, 55க்கும் 15க்கும் இடையே குதிப்பதை விட ஆட நன்றாக இருக்கும்.

3. நான்கு சோதனைகள் (செலவு: ஒரு நோட்டு, ஒரு பேனா)

ஒரே கேம், ஒரே இடம், ஒரே நேர அளவு. உதாரணமாக, ஒரே ரேஸ் டிராக்கில் 3 நிமிடம். கேமிலேயே எஃப்.பி.எஸ் காட்டும் வசதி இருந்தால் அதைப் போட்டு எண்ணை எழுதுங்கள். இல்லையென்றால் ஒரு சுற்றில் படம் எத்தனை முறை நின்றது என்று பக்கத்தில் ஒருத்தர் உட்கார்ந்து கோடு போடட்டும். இயற்பியல் செய்முறை நோட்டு எழுதுவது மாதிரிதான்.

சோதனை அ: சூடு. லேப்டாப்பை ஆன் செய்து முதல் 5 நிமிடத்தில் ஓர் அளவு, விளையாடி 20 நிமிடம் கழித்து ஓர் அளவு. முதலில் நன்றாக ஓடி, பிறகு படுத்துக்கொண்டால் தடை சூடுதான். பிராசசர் மிகவும் சூடானால் கருகாமல் இருக்கத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அது பழுது அல்ல, தற்காப்பு.

சோதனை ஆ: ரெசல்யூஷன். கேமை முதலில் 1366 × 768 அளவில் ஓட்டுங்கள். பிறகு 800 × 600. வேறு எதையும் மாற்றக்கூடாது. இதில் கொஞ்சம் கணக்குப் பார்ப்போம்:

1366 × 768 = 10,49,088 புள்ளிகள்
1024 × 768 = 7,86,432 புள்ளிகள்
800 × 600 = 4,80,000 புள்ளிகள்

அதாவது 800 × 600 வைத்தால் பரிமாற வேண்டிய இலை பாதிக்கும் கீழே, சுமார் 46 சதவீதமாகக் குறைகிறது. முன்பு நொடிக்கு 18 படம் வந்து, இப்போது 31 வந்தது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் தாமதம் பரிமாறுபவரிடம், அதாவது கிராபிக்ஸ் சிப்பிடம். 18 வந்தது 19தான் ஆனது என்றால் இலையைக் குறைத்தும் பயனில்லை. தாமதம் வேறு இடத்தில் இருக்கிறது. நான்கு சோதனைகளில் முக்கியமானது இதுதான். இதைச் செய்யாமல் யாரும் கடைக்குப் போகாதீங்க.

சோதனை இ: ரேம். கேம் போடும் முன் கண்ட்ரோல் + ஷிப்ட் + எஸ்கேப் மூன்றையும் அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் மெமரி எவ்வளவு என்று பாருங்கள். கேமே போடாமல் முக்கால்வாசி நிறைந்திருந்தால் கேமுக்கு மேசையில் இடம் எங்கே இருக்கும்?

சோதனை ஈ: ஹார்டு டிஸ்க். ரேஸ் தொடங்க எத்தனை நொடி ஆகிறது என்று கடிகாரம் பாருங்கள். புது இடத்துக்குள் கார் நுழையும்போது மட்டும் படம் ஒரு கணம் நின்று, அதே நேரம் ஹார்டு டிஸ்க் விளக்கு விடாமல் எரிந்தால், சாமான் அறைக்குப் போய்வரும் நேரம்தான் அது.

4. முதல் வைத்தியம்: காற்று

நம் செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் நடுவில் ஏன் திறந்த முற்றம் வைத்தார்கள்? சூடான காற்று மேலே போகும், குளிர்ந்த காற்று உள்ளே வரும். வெளியே சித்திரை வெயில் கொளுத்தினாலும் உள்ளே ஆத்தங்குடிக் கல் பதித்த தரை ஜில்லென்று இருக்கும். லேப்டாப்புக்கும் இதே விதிதான். அடிப்பக்க ஓட்டை வழியே காற்று உள்ளே போய், பக்கவாட்டு ஓட்டை வழியே சூடாக வெளியே வர வேண்டும்.

● மெத்தை, தலையணை, மடி மேல் வைத்து விளையாடாதீங்க. துணி அடி ஓட்டையை மூடிவிடும். முற்றத்துக்கு மேல் தார்ப்பாய் போட்டு மூடின மாதிரி ஆகிவிடும்.
● மேசையிலோ பலகையிலோ வைத்து, பின்பக்கம் இரண்டு சின்ன மரக்கட்டை கொடுத்து ஒரு விரல் உயரம் தூக்குங்கள். செலவு இல்லை, பலன் உடனே தெரியும்.
● தரையில் வைத்தால் பேன் புழுதியை உறிஞ்சும். நம்ம ஊர்ப் புழுதியைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? பல வருடம் திறக்காத லேப்டாப்பில் பேனுக்கும் வெளிவழிக்கும் நடுவில் தூசி கம்பளி போலப் படிந்திருக்கும்.
● தூசி எடுக்கும்போது மிஷினை ஆஃப் செய்து, சார்ஜரைக் கழற்றி, கழற்ற முடிகிற பேட்டரி என்றால் அதையும் கழற்ற வேண்டும். காற்று அடிக்கும்போது பேன் சுற்றாமல் ஒரு குச்சியால் மெல்லப் பிடிக்க வேண்டும். பழக்கமில்லாதவர்கள் திறக்க வேண்டாம், தெரிந்தவரிடம் கொடுங்கள். திறக்கும்போதே பிராசசர் மேல் காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை மாற்றச் சொல்லுங்கள்.

எச்சரிக்கை! பேட்டரி உப்பியிருந்தால், அதாவது லேப்டாப்பின் அடி சமமாக உட்காராமல் ஆடினால், டச்பேட் மேலே தூக்கினால், உடனே ஆஃப் செய்யுங்கள். சார்ஜ் போடக் கூடாது, குத்தக் கூடாது, அழுத்தக் கூடாது. வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லிக் கடையில் கொடுங்கள். லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கக் கூடியது. கேமை விட நம் கை முக்கியம்.

5. இரண்டாம் வைத்தியம்: மின்சாரமும் தேவையில்லாத வேலையும்

பேட்டரியில் ஓடும்போது விண்டோஸ் மின்சாரத்தை மிச்சம் பிடிப்பதற்காக வேகத்தைக் குறைக்கும். எனவே விளையாடும்போது சார்ஜரில் போட்டு, கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய் "ஹை பெர்ஃபார்மன்ஸ்" வையுங்கள். விளையாடி முடித்ததும் "பேலன்ஸ்டு"க்குத் திரும்ப மாற்றுங்கள். சில லேப்டாப்கள் பொருந்தாத சார்ஜர் போட்டாலும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதனால் சார்ஜரில் எழுதியுள்ள வோல்ட், ஆம்பியர் பழைய சார்ஜரோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

அடுத்தது, ஆன் செய்தவுடன் தானாகவே கிளம்பும் புரோகிராம்கள். தேவையில்லாதவற்றை ஸ்டார்ட்அப் பட்டியலில் நிறுத்துங்கள். பிரவுசரில் பத்து டேப் திறந்து வைத்துவிட்டு "கேம் ஸ்லோ" என்றால் மிஷின் என்ன செய்யும், பாவம்! ஆனால் ஆன்டிவைரஸை மட்டும் நிறுத்தாதீங்க.

6. மூன்றாம் வைத்தியம்: கேமுக்குள் இருக்கும் செட்டிங்

1993ல் டூம் என்ற கேம் வந்தபோதே, மிஷின் பலம் இல்லாதவர்கள் கேம் தெரியும் கட்டத்தைச் சின்னதாக்கிக்கொள்ளவும், படத்தின் நுணுக்கத்தைக் குறைத்துக்கொள்ளவும் அதில் வழி வைத்திருந்தார்கள். இன்றைக்கும் அதே தத்துவம்தான். பெயர்கள்தான் கூடிவிட்டன.

சோதனை ஆ-வில் கிராபிக்ஸ் சிப்தான் தடை என்று வந்தால், இந்த வரிசையில் ஒவ்வொன்றாகக் குறையுங்கள். ஒன்றைக் குறைத்ததும் அளந்து எழுதுங்கள்:

(1) நிழல் (ஷேடோ): ஒவ்வொரு பொருளையும் விளக்கு இருக்கும் பக்கத்திலிருந்து இன்னொரு முறை வரைவது போன்ற வேலை. நிறுத்தினால் நல்ல மிச்சம்.
(2) ஆன்டி அலையாசிங்: கோடுகளின் ஓரத்தில் படிக்கட்டு மாதிரித் தெரிவதை மழுப்புவது. நம் மிஷினுக்கு இது ஆடம்பரம். நிறுத்துங்கள்.
(3) பிரதிபலிப்பு (ரிப்ளெக்‌ஷன்): கார் மேல் வானம் தெரிவது, தண்ணீரில் கட்டிடம் தெரிவது. குறையுங்கள்.
(4) ரெசல்யூஷன்: இதைக் கடைசியாகக் குறையுங்கள், ஏனென்றால் எழுத்தெல்லாம் மங்கும். நேராக 800 × 600க்குப் போகாமல் இடைப்பட்ட அளவு ஒன்றைப் பாருங்கள்.

ரெசல்யூஷனைக் குறைத்தும் பயனில்லை என்றால் சமையல்காரர், அதாவது பிராசசர், திணறுகிறார் என்று சந்தேகப்படலாம். அப்போது குறைக்க வேண்டியவை வேறு: சாலையில் ஓடும் மற்ற வண்டிகளின் எண்ணிக்கை, கூட்டம், எவ்வளவு தூரம் வரை தெரிய வேண்டும் என்ற அளவு.

டெக்ஸ்சர் என்பது சுவர், சாலை, சட்டை மேல் ஒட்டும் படம். அது மெமரியைச் சாப்பிடும். ரேம் குறைவு என்று சோதனை இ சொன்னால் டெக்ஸ்சரைக் குறையுங்கள்.

வி-சிங்க் என்று ஒன்று உண்டு. அது திரையின் தாளத்துக்குக் கேமைக் காத்திருக்க வைப்பது. நம் திரை பெரும்பாலும் நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும். பழைய கேம்களில் வி-சிங்க் போட்டால், 60 எட்டாதபோது படம் சட்டென்று 30க்கு விழக்கூடும். நிறுத்திப் பாருங்கள். நிறுத்தினால் சில நேரம் படம் நடுவில் கிழிந்தது போலத் தெரியும். எது கண்ணுக்கு உறுத்தவில்லையோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்குத் தெரியுமா? எஃப்.பி.எஸ் கூடினால் எப்போதும் நல்லது என்பது தவறு! 2005ல் கம்ப்யூட்டருக்கு வந்த ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸில் (அது பெரியவர்களுக்கான கேம்) பிரேம் லிமிட்டரை நிறுத்தினால் படம் வேகமாக வரும், ஆனால் தண்ணீரில் நீந்துவது ஆமை வேகமாகிவிடும். கேமின் உள்கணக்குகள் சில, குறைந்த எஃப்.பி.எஸ்ஸை வைத்துப் போடப்பட்டதே காரணம்.

7. இத்தனைக்குப் பிறகும் போதவில்லையா? இப்போது கடைக்குப் போகலாம்

ரேம்: 64 பிட் விண்டோஸ் 7க்கும் சரி, 10க்கும் சரி, மைக்ரோசாஃப்ட் சொன்ன குறைந்தபட்ச ரேமே 2 ஜிபி. நம் லேப்டாப்பில் மொத்தமே 2 ஜிபி! அதிலும் தனி கார்டு இல்லாததால் கிராபிக்ஸ் சிப் தனக்கு வேண்டிய மெமரியையும் இதிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். மேசை நிறைந்துவிட்டால் கம்ப்யூட்டர் ஹார்டு டிஸ்க்கையே ரேம் மாதிரிப் பயன்படுத்தப் பார்க்கும். ரேமை விட ஹார்டு டிஸ்க் லட்சம் மடங்கு மெதுவானது. படம் அப்படியே உறைந்து நிற்பது அப்போதுதான். எனவே சோதனை இ-யில் தோற்றவர்களுக்கு ரேம் நல்ல செலவு.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. டிடிஆர்3 1333 வகை ரேம் ஒன்று நொடிக்குச் சுமார் 10.6 ஜிபி தரவைக் கடத்தும். இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி ரேம் போட்டு, மிஷின் இரட்டை வழியை ஆதரித்தால், 21.3 ஜிபி வரை போகும். ரேமையே பங்கு போட்டுக்கொள்ளும் கிராபிக்ஸ் சிப்புக்கு இது ஒற்றையடிப் பாதை இரட்டைச் சாலை ஆனது மாதிரி.

வாங்கும் முன் கேட்க வேண்டியவை:
● இரண்டாவது ரேம் இடம் இருக்கிறதா? சில மாடல்களில் ஒன்றுதான் இருக்கும்.
● டிடிஆர்3யா, டிடிஆர்3எல்லா? முன்னது 1.5 வோல்ட், பின்னது 1.35 வோல்ட். டிடிஆர்3எல் கேட்கும் மிஷினில் சாதா டிடிஆர்3 வேலை செய்யாமல் போகலாம். பழைய ரேமைக் கழற்றிக் கையோடு கொண்டுபோனால் குழப்பமே இல்லை.
● விண்டோஸ் 32 பிட்டா, 64 பிட்டா? 32 பிட் என்றால் 4 ஜிபி போட்டாலும் முழுவதும் பயன்படாது, சுமார் 3 ஜிபி சொச்சம்தான் கிடைக்கும்.

எஸ்எஸ்டி: லேப்டாப் ஹார்டு டிஸ்க்குகளில் பல நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றுபவை. ஒரு சுற்றுக்கு 60 ÷ 5400 = 11.1 மில்லி நொடி. தேடும் தகவல் ஊசிக்கு அடியில் வரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 5.6 மில்லி நொடி காத்திருக்க வேண்டும். ஊசி நகரும் நேரம் தனி. நினைவிருக்கிறதா, 60 எஃப்.பி.எஸ்ஸில் ஒரு முழுப் படத்துக்கே 16.7 மில்லி நொடிதான்! எஸ்எஸ்டியில் சுற்றும் தட்டே கிடையாது. அதனால் மிஷின் சீக்கிரம் ஆன் ஆகும், கேம் சீக்கிரம் திறக்கும், புது இடத்தில் நிற்பது குறையும். ஆனால் ஒன்று: ஏற்கெனவே திரையில் ஓடிக்கொண்டிருக்கும் காட்சியின் எஃப்.பி.எஸ் இதனால் கூடாது. "எஸ்எஸ்டி போட்டா கிராபிக்ஸ் சூப்பரா வரும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க. ஹார்டு டிஸ்க்கே போதும் என்பவர்கள் அதில் ஐந்தில் ஒரு பங்கு காலியாக வைத்து, எப்போதாவது டீஃப்ராக் செய்யுங்கள். எஸ்எஸ்டிக்கு டீஃப்ராக் செய்யக் கூடாது.

கிராபிக்ஸ் கார்டு: இந்த லேப்டாப்களில் போட முடியாது, அவ்வளவுதான். வீட்டில் பழைய டெஸ்க்டாப் வைத்திருப்பவர்கள் போடலாம். பிசிஐ எக்ஸ்பிரஸ் நீள ஸ்லாட் இருக்கிறதா, கேபினெட்டில் கார்டு நுழையுமா, எஸ்எம்பிஎஸ் எத்தனை வாட் என்று மூன்றையும் பாருங்கள். அந்த ஸ்லாட் அதிகபட்சம் 75 வாட் கொடுக்கும். அதற்கு மேல் கேட்கும் கார்டுக்குத் தனி மின் இணைப்பு வேண்டும். பழைய எஸ்எம்பிஎஸ் தாங்காமல் புகைந்தால் கார்டோடு சேர்த்து மதர்போர்டும் போய்விடும்.

8. இவற்றைச் செய்யாதீங்க!

✗ "ஒரே கிளிக்கில் வேகம்" என்று வரும் கேம் பூஸ்டர், ரேம் கிளீனர், டிரைவர் அப்டேட்டர். மேசையில் இருப்பதைக் கீழே தள்ளிவிட்டு "மேசை காலி" என்று காட்டுவதுதான் ரேம் கிளீனர். அடுத்த நொடி அதே பொருளை மறுபடி எடுத்து வர வேண்டும். கிராபிக்ஸ் டிரைவர் வேண்டுமானால் லேப்டாப் கம்பெனி அல்லது சிப் கம்பெனியின் தளத்தில் மட்டும் எடுங்கள்.
✗ பூட்டு உடைத்த கேம். சட்டப்படி தவறு என்பது ஒருபுறம். அதோடு ஒட்டி வரும் வைரஸ் பின்னால் ஒளிந்து ஓடி, நாம் இத்தனை பாடுபட்டு மிச்சம் பிடித்த வேகத்தையும் தின்றுவிடும்.
✗ ஓவர்கிளாக்கிங். ஏற்கெனவே சூட்டில் திணறும் மிஷினை இன்னும் ஓடச் சொல்வது.
✗ பள்ளி லேப் கம்ப்யூட்டரில் இந்தச் சோதனை எதுவும் வேண்டாம். அது எல்லோருக்கும் பொது.

9. எந்த வைத்தியமும் கேட்காத நோய்

சில கேம்கள் நம் மிஷினில் எப்படியும் ஓடாது. அதைத் தெரிந்துகொள்வதும் அறிவுதான். கேம் கேட்கும் டைரக்ட்எக்ஸ் பதிப்பு கிராபிக்ஸ் சிப்பிலேயே இல்லை என்றால், ரேம் கூட்டியும் செட்டிங் குறைத்தும் பயனில்லை. 2 ஜிபி ரேமில் எமுலேட்டர் போட்டு மொபைல் கேம் ஆட நினைப்பதும் அப்படித்தான்.

பெயரைப் பார்த்தும் ஏமாறக் கூடாது. நீட் ஃபார் ஸ்பீடு மோஸ்ட் வான்டட் என்ற பெயரில் இரண்டு கேம்கள் உண்டு. 2005ல் வந்தது குறைந்தபட்சம் கேட்டது 256 எம்பி ரேம், 3 ஜிபி ஹார்டு டிஸ்க் இடம். 2012ல் அதே பெயரில் வந்தது கேட்டது 2 ஜிபி ரேம், 20 ஜிபி இடம். "மோஸ்ட் வான்டட் உன் லேப்டாப்பில் ஓடுமா?" என்று கேட்டால், "எந்த வருஷத்து மோஸ்ட் வான்டட்?" என்று திருப்பிக் கேளுங்கள்.

நம் மிஷினின் வயதுக்கு ஏற்ற கேம் எடுத்தால் அது ராஜா மாதிரி ஓடும். 2006ல் வந்த கிரிக்கெட் 07 ஐ இன்னும் எத்தனை பேர் ஆடுகிறார்கள் என்று பாருங்கள்! இலவசமாகவும் முறையாகவும் வேண்டுமென்றால் சூப்பர்டக்ஸ்கார்ட் என்ற கார் ரேஸ், பேட்டில் ஃபார் வெஸ்னாத் என்ற போர் விளையாட்டு ஆகியவை திறமூல மென்பொருள்கள். விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும். செட்டிங் குறைக்கவும் வழி உண்டு. வெஸ்னாத் ஆளுக்கு ஒரு முறை காய் நகர்த்தும் ஆட்டம் என்பதால் மெதுவான மிஷினிலும் அவசரமே இல்லை.

இன்னொரு செய்தி. விண்டோஸ் 7க்கான பாதுகாப்பு ஆதரவு 2020 ஜனவரி 14 அன்றும், விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றும் முடிந்தன. இந்த லேப்டாப்கள் விண்டோஸ் 11 கேட்கும் தகுதிக்கு எட்டாதவை. ஆகவே பழைய விண்டோஸைக் கேமுக்கு வைத்துக்கொண்டு, இன்டர்நெட் வேலைக்கும் அப்பாவின் பேங்க் வேலைக்கும் பழைய மிஷினில் ஓடக்கூடிய, இன்றைய பதிப்பு லினக்ஸ் ஒன்றைப் போட்டுக்கொள்வது நல்லது. இரண்டு தளம் ஒரே மிஷினில் இருக்க முடியும் என்று 2011லேயே நமக்குக் காட்டிக் கொடுத்த லேப்டாப் அல்லவா இது!

10. சுருக்கமாக

நன்றாகத் தொடங்கிப் பிறகு படுத்தால் → காற்று, தூசி, தெர்மல் பேஸ்ட்.
ரெசல்யூஷன் குறைத்தால் வேகம் கூடினால் → கிராபிக்ஸ் சிப். நிழல் முதலியவற்றைக் குறை.
குறைத்தும் கூடாவிட்டால் → பிராசசர். வண்டி, கூட்டம், தூரம் குறை.
கேம் போடும் முன்பே மெமரி நிறைந்தால் → பின்னணிப் புரோகிராம்களை நிறுத்து. பிறகு ரேம்.
புது இடத்தில் மட்டும் நின்றால் → ஹார்டு டிஸ்க். முடிந்தால் எஸ்எஸ்டி.
ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. மாற்றியதை எழுதி வை.

யோசித்துப் பாருங்கள்

வினா 1: 1366 × 768ல் 20 எஃப்.பி.எஸ். 800 × 600ல் 20 எஃப்.பி.எஸ். கடைக்காரர் "கிராபிக்ஸ்தான் பிரச்சினை" என்கிறார். சரியா?
விடை: இல்லை. இலை பாதியாகக் குறைந்தும் வேகம் மாறவில்லை. தடை பரிமாறுபவரிடம் இல்லை.

வினா 2: காலையில் நன்றாக ஓடும் கேம், மதியம் மேல்மாடி அறையில் மெத்தை மேல் வைத்தால் 10 நிமிடத்தில் படுக்கிறது. என்ன வாங்கலாம்?
விடை: எதுவும் வாங்க வேண்டாம். மெத்தையிலிருந்து மேசைக்கு மாற்றுங்கள்.

வினா 3: 40 எஃப்.பி.எஸ் என்றால் ஒரு படத்துக்கு எத்தனை மில்லி நொடி?
விடை: 1000 ÷ 40 = 25.

நண்பர்களே! விடுமுறையில் உங்கள் வீட்டு லேப்டாப்பில் நான்கு சோதனைகளையும் செய்து, நோட்டில் எழுதி எடுத்து வாருங்கள். எந்த வீட்டு மிஷினில் எது தடை என்று எல்லாவற்றையும் சேர்த்து ஒரு பட்டியலாக இந்தச் சுவரிலேயே ஒட்டுவோம். அதைப் பார்த்தபின் யாரும் காசை வீணாக்க மாட்டார்கள்.

பரீட்சை நேரத்தில் மட்டும் லேப்டாப்பை அக்காவிடமே கொடுத்து வையுங்கள்!

— பன்னிரண்டாம் வகுப்பு, கணினி அறிவியல் பிரிவு மாணவர், ஒக்கூர்